மீன் முட்டையைப் போன்றதொரு பிளாஸ்டிக் மணி

2025 மே 25 அன்று, விழிஞ்சத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்றுகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. முந்தைய நாளே அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கப்பலில் இருந்த 24 பேரும் மீட்கப்பட்டனர். கப்பலோடு போனவை 640 கொள்கலன்கள். அவற்றுள் 13 கொள்கலன்களில் ஆபத்தான சரக்கு. அதிலும் 12-ல் கால்சியம் கார்பைடு. எரிபொருள் எண்ணெயும் நிறைய இருந்தது. எனவே செய்திகளில் முதலில் பேசப்பட்டவை கார்பைடும் எண்ணெயும்தாம்.

ஆனால் சில நாட்களில் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளுக்கு மூட்டை மூட்டையாக வந்து ஒதுங்கியது, ஆபத்தான சரக்குப் பட்டியலிலேயே இடம்பெறாத ஒரு பொருள்: வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குருணை. 'நர்டில்' என்பது அதன் பெயர். வாளி, குடம், பால் பாக்கெட் உறை, மீன்பிடி வலை என எந்தப் பிளாஸ்டிக் பொருளைச் செய்யவும் தொழிற்சாலைகள் வாங்கும் மூலப்பொருள் இதுதான். ஜவ்வரிசி அளவு இருக்கும்; பயறு வடிவில் சற்றுத் தட்டையாக இருக்கும். அரைகுறையாக ஒளி ஊடுருவும். ஈர மணலில் கிடக்கும்போது மீன் முட்டை என்றே தோன்றும். பிறகு தனுஷ்கோடியிலும் இலங்கையின் வடபகுதிக் கரைகளிலும் இவை ஒதுங்கின.

நம் பாடப்புத்தகத்தில் 'நுண்பிளாஸ்டிக்' என்ற சொல் வரும்போது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்றே மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான எல்லாப் பிளாஸ்டிக் துண்டுகளும் அந்த வகையில் சேரும். ஆகவே நர்டில், கண்ணால் பார்க்கவும் கையால் எண்ணவும் முடிகிற நுண்பிளாஸ்டிக். உடைந்து சிறிதானது அன்று, சிறிதாகவே பிறந்தது. அதாவது முதல்நிலை நுண்பிளாஸ்டிக். வெயிலிலும் அலையிலும் பட்டு உடைந்து சிதறும் பை, கயிறு, தெர்மாகோல் துணுக்குகள் இரண்டாம்நிலை. இந்தச் சொல்லைப் பரவலாக்கியது 2004-ஆம் ஆண்டு பிளைமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்ப்சனும் குழுவினரும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஒரு சிறு கட்டுரை.

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு மணியின் எடை ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிகிராம். 25 என்றே வைத்துக்கொண்டால் ஒரு கிராமுக்கு 40 மணிகள், ஒரு கிலோவுக்கு 40,000. வழக்கமான 25 கிலோ மூட்டை ஒன்றில் 10 லட்சம். 2021 மே 20 அன்று கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, பின்னர் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் சுமார் 1,680 டன் நர்டில் இருந்தது. அதை மணிக்கணக்கில் மாற்றச் சொல்லிப் பாருங்கள். 6,720 கோடி வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சுழியங்களை எண்ணி முடிப்பதற்குள் பாடத்தின் பாதி மனத்தில் பதிந்துவிடும். உலகில் இதுவரை பதிவான பிளாஸ்டிக் குருணைச் சிதறல்களில் அதுவே பெரியது. கரையோர மக்களும் கடற்படையினரும் மணலைச் சல்லடையில் சலித்துச் சலித்து எடுத்தார்கள். அங்கே இன்னொரு சிக்கலும் சேர்ந்தது: தீயில் உருகிக் கருகிய மணிகள். எரியாத வெள்ளை மணிகளைவிட எரிந்தவற்றில் பலவகை வேதிப்பொருள்கள் கலந்திருந்ததை ஆய்வுகள் காட்டின. 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

எல்சா கப்பலின் மணிகள் ஏன் தெற்கு நோக்கி வந்தன என்பது சமூக அறிவியல் ஆசிரியருக்கான கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியாவின் மேற்குக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. குமரிமுனையைத் தாண்டியவை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாப் பக்கம் திரும்ப வழியிருக்கிறது. இதே விபத்து டிசம்பரில் நடந்திருந்தால் மணிகள் எந்தத் திசையில் போயிருக்கும் என்று நிலப்படத்தை வைத்துக் கேட்கலாம். நல்ல விவாதம் கிடைக்கும்.

உள்ளே போனால் என்ன ஆகிறது

கடலில் எல்லா உயிரும் இரையைத் தேர்ந்தெடுத்து உண்பதில்லை. சாளை மீன் வாயைத் திறந்துகொண்டு நீந்தும். செவுளில் உள்ள சீப்பு போன்ற அமைப்பு நீரை விட்டுவிட்டு மிதவை உயிரிகளைப் பிடித்துக்கொள்ளும். சிப்பியும் அப்படித்தான், நாள் முழுக்க நீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும். இவற்றுக்கு 'இது இரை, இது பிளாஸ்டிக்' என்று பிரித்தறியும் வாய்ப்பு மிகக் குறைவு. நர்டில் அளவுள்ளவற்றைப் பெரிய மீன்களும் கடற்பறவைகளும் முட்டை என்று கொத்துகின்றன. அவை இரைப்பையில் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. வயிறு நிறைந்த உணர்வு இருக்கும், சத்து இருக்காது.

துகள் சிறிதாகும்போது கதை மாறுகிறது. கோபிபாடு எனப்படும் துடுப்புக்காலிகள் கடலின் உணவுச் சங்கிலியில் புல் மேயும் ஆடு போன்றவை. நுண் பாலிஸ்டைரீன் மணிகள் கலந்த நீரில் வைக்கப்பட்ட கோபிபாடுகள் பாசிகளைக் குறைவாக உண்டன, இட்ட முட்டைகள் சிறுத்தன, பொரிப்பதும் குறைந்தது. பிரிட்டனில் நடந்த ஆய்வு இது. அங்கே துகள் எந்த உறுப்பையும் கிழிக்கவில்லை, எதையும் அடைக்கவில்லை. சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆற்றல் பற்றாக்குறை முதலில் வெட்டுவது இனப்பெருக்கத்தைத்தான்.

பிரான்சில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதையே பசிபிக் ஆளிச் சிப்பிகளில் காட்டியது. இனப்பெருக்கப் பருவத்தில் இரண்டு மாதங்கள் நுண்பாலிஸ்டைரீன் துகள்களோடு வளர்ந்த சிப்பிகளில் சினைமுட்டை எண்ணிக்கை 38 விழுக்காடு குறைந்தது. விந்தணுக்களின் வேகம் 23 விழுக்காடு குறைந்தது. தாய்ச்சிப்பிகள் சாகவில்லை. பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தன. 'மீன் செத்து மிதந்தால்தான் மாசு' என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

துகள் குடலோடு நின்றுவிடுகிறதா? 2008-இல் நீலச் சிப்பிகளை வைத்து மார்க் பிரவுனும் தாம்ப்சனும் உள்ளிட்ட குழுவினர் செய்த சோதனையில், சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்கள் மூன்று நாட்களில் குடலைக் கடந்து உடல் திரவத்துக்குள் போயிருந்தன. 48 நாட்களுக்குப் பிறகும் அங்கே இருந்தன. ஜவ்வரிசி அளவு மணிக்கு இது முடியாது. அதனால்தான் 'நுண்பிளாஸ்டிக்' என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் பேசும்போது அளவைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 5 மில்லிமீட்டருக்கும் 5 மைக்ரோமீட்டருக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு.

துகளா, அதோடு வரும் நஞ்சா?

பிளாஸ்டிக் எண்ணெய்ப் பசையுள்ளது. நீரில் கரையாத நஞ்சுகளும் அப்படியே. எனவே கடல்நீரில் மிக மிகக் குறைவாக இருக்கும் பி.சி.பி., டி.டி.டி.யின் சிதைவுப் பொருள் போன்றவை தண்ணீரை விட்டுப் பிளாஸ்டிக்கின் மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதைப் பரப்புக்கவர்ச்சி என்று வேதியியலில் சொல்லிக்கொடுக்கிறோம். ஜப்பானில் ஹிதேஷிகே தகாதாவின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கடலில் வைத்த மணிகளில் சேர்ந்த நஞ்சின் செறிவு சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல் லட்சம் மடங்கு முதல் பத்து லட்சம் மடங்கு வரை இருந்தது. அதையே அவர் பயனுள்ள ஒன்றாகவும் மாற்றினார். 2005 முதல் உலகெங்கும் உள்ள மக்கள் தம் கடற்கரையில் பொறுக்கிய மணிகளைத் தோக்கியோவுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கடலின் மாசும் அந்த மணிகளிலிருந்து படிக்கப்படுகிறது.

அப்படி நஞ்சு ஏறிய பிளாஸ்டிக்கை மீன் தின்றால்? கலிபோர்னியாவில் செல்சி ரோக்மன் செய்த சோதனை, கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்று ஒன்பதாம் வகுப்புக்கு விளக்க ஏற்றது. மெடாகா என்ற சிறு மீன்கள் மூன்று குழுக்கள். ஒன்றுக்கு வழக்கமான தீனி. இரண்டாவதற்குப் புதிய பாலிஎத்திலீன் துகள் கலந்த தீனி. மூன்றாவதற்கு, சான் டியேகோ விரிகுடா நீரில் மூன்று மாதம் ஊறவைத்து எடுத்த அதே துகள் கலந்த தீனி. இரண்டு மாதத்துக்குப் பின் பிளாஸ்டிக் தின்ற இரு குழுக்களிலும் கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது. கடலில் ஊறியதைத் தின்றவற்றில் பாதிப்பு கூடுதல். இரண்டாம் குழு இல்லாமல் இருந்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்போம் என்று கேளுங்கள். வகுப்பு யோசிக்கத் தொடங்கும். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இயற்கையில் மீனுக்கு இந்த நஞ்சுகள் தண்ணீர் வழியாகவும் இரை வழியாகவும் வந்து சேரும் அளவே பெரிது, பிளாஸ்டிக் வழியாக வருவது சிறிது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். விவாதம் முடியவில்லை.

முடிந்துபோன ஒரு துப்பறியும் கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள ஓடைகளை அரும்பாடுபட்டுச் சீரமைத்தார்கள். கடலில் வளர்ந்த கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட அந்த ஓடைகளுக்குத் திரும்பின. மழை பெய்த சில மணி நேரத்தில், முட்டையிடும் முன்பே, துடித்துத் துடித்துச் செத்தன. சில ஓடைகளில் திரும்பி வந்தவற்றில் பாதிக்கு மேல் இப்படி இறந்தன. பூச்சிக்கொல்லியா, உலோகமா, நோயா என்று ஆண்டுக்கணக்கில் தேடியும் விடையில்லை. சாலையில் தேயும் டயர் துகளை ஊறவைத்த நீர் மீனைக் கொல்கிறது என்று தெரிந்தபின், அதிலுள்ள ஏறத்தாழ 2,000 வேதிப்பொருள்களைப் பிரித்துப் பிரித்துக் கடைசியில் ஒன்றில் வந்து நின்றார்கள். அதன் வாய்பாடு C₁₈H₂₂N₂O₂. அப்படி ஒரு பொருள் டயரில் சேர்க்கப்படும் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்தது C₁₈H₂₄N₂. ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கப்படும் 6பி.பி.டி. என்ற பொருள் அது. கார்பன் 18, நைட்ரஜன் 2 இரண்டிலும் மாறவில்லை; இரண்டு ஹைட்ரஜன் போய், இரண்டு ஆக்சிஜன் வந்திருக்கிறது. ரப்பரை ஓசோனிடமிருந்து காக்கச் சேர்த்த பொருளே ஓசோனோடு வினைபுரிந்து நஞ்சாக மாறியிருந்தது. 2020 டிசம்பரில் ஜென்யூ தியன், எட்வர்ட் கொலோஜி குழுவினர் இதை வெளியிட்டார்கள். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே கோஹோவைக் கொல்லப் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அதே நீரில் சம் சால்மன் என்ற உறவினம் சாவதில்லை. ஓர் இனம் பிழைத்திருக்கிறது என்பதால் நீர் தூயது என்று சொல்லிவிட முடியாது. டயர் தேய்மானத் துகளும் நுண்பிளாஸ்டிக் கணக்கில்தான் வருகிறது. கடற்கரையே இல்லாத தருமபுரியிலோ சேலத்திலோ பணியாற்றும் ஆசிரியருக்கு இந்தக் கதை நர்டிலைவிட நெருக்கமானது. சாலை எல்லா ஊரிலும் இருக்கிறது, மழைநீர் எல்லா ஊரிலும் ஏதோ ஓர் ஏரிக்குப் போகிறது.

வகுப்பில் நிதானம் தேவைப்படும் இடம்

டி.டி.டி. எப்படி மிதவை உயிரியிலிருந்து சிறு மீனுக்கும், பெரிய மீனுக்கும், பறவைக்கும் போகப் போகச் செறிவு கூடுகிறது என்ற படத்தை நாம் எல்லோரும் கரும்பலகையில் வரைந்திருக்கிறோம். அந்தப் படத்தில் டி.டி.டி.யை அழித்துவிட்டு நுண்பிளாஸ்டிக் என்று எழுதும் பழக்கம் இப்போது பயிற்சித் தாள்களிலும் சுவரொட்டிகளிலும் பரவியிருக்கிறது. அது சரியில்லை. டி.டி.டி. கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்குகிறது. பிளாஸ்டிக் துகளில் பெரும்பகுதி குடல் வழியே வெளியேறிவிடுகிறது. இரையிலிருந்து கொன்றுண்ணிக்குத் துகள் இடம் மாறுவது உண்மை. ஆனால் படிக்குப் படி செறிவு பெருகுகிறது என்பதைக் கடலில் செய்த அளவீடுகள் உறுதிப்படுத்தவில்லை. உயிரியச் சேர்க்கை வேறு, உயிரியப் பெருக்கம் வேறு என்பதை விளக்க இதுவே நல்ல சந்தர்ப்பம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்களைப் போன்ற கடலோரப் பள்ளிகளில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மீனவர் வீட்டுப் பிள்ளை. எல்சா கப்பல் மூழ்கிய வாரங்களில் கேரளத்தில் மக்கள் மீன் வாங்கத் தயங்கினார்கள். மீன் உண்ணலாம் என்று அமைச்சர்களே மேடையில் மீன் உண்டு காட்ட வேண்டியிருந்தது. 'மீனில் பிளாஸ்டிக், தின்றால் நஞ்சு' என்று ஆசிரியர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால், அந்தப் பிள்ளையின் வீட்டு வருமானத்தின் மேலும், சத்துணவின் மேலும் கை வைக்கிறோம். உண்மை என்ன? மீனில் காணப்படும் துகள்களில் பெரும்பாலானவை குடலிலும் இரைப்பையிலும்தாம் இருக்கின்றன. நாம் குடலை எடுத்துவிட்டுத்தான் சமைக்கிறோம். சிப்பியையும், சிறு நெத்திலியையும் முழுதாக உண்பதால் அங்கே நிலைமை சற்று வேறு. மனித உடல்நலத்துக்கு எவ்வளவு கேடு என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

'வாரத்துக்கு ஒரு ஏ.டி.எம். அட்டை அளவு பிளாஸ்டிக் சாப்பிடுகிறோம்' என்று ஒரு மாணவராவது கைதூக்கிச் சொல்வார். 2019-இல் பரவிய கணக்கு அது, வாரத்துக்கு 5 கிராம் என்று. பின்னர் வந்த கணக்கீடுகள் அதைவிட மிக மிகக் குறைவான அளவையே காட்டின. 2016-இல் 'சயின்ஸ்' இதழில் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை, மீன் குஞ்சுகள் இயற்கை இரையைவிடப் பிளாஸ்டிக்கையே விரும்பி உண்கின்றன என்றது. உலகமே பகிர்ந்தது. சோதனை சொன்னபடி நடந்ததா என்று சக ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினர். மூலத் தரவுகளைக் காட்ட முடியவில்லை. 2017-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தி இன்னும் பல கட்டுரைப் போட்டிகளில் உயிரோடு உலவுகிறது. அதேபோல், மேலே நான் எழுதிய சோதனைகள் பலவற்றிலும் துகளின் அளவு இன்று கடலில் காணப்படுவதைவிட அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லலாம். மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்தால்தான் விளைவு தெரியும் என்பது ஆய்வக வழக்கம். மாணவர்கள் புரிந்துகொள்வார்கள்.

உப்பு நீரில் ஒரு பரிசோதனை

ஏழாம் வகுப்பு அளவீட்டியலில் அடர்த்தி இருக்கிறது. அதே வகுப்பில் பலபடி வேதியியல் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள். மூன்றையும் ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்க, ஒரு கிலோ உப்பும் கொஞ்சம் மணலும் போதும். வானவில் மன்றப் பொருள்கள்கூடத் தேவையில்லை.

ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 360 கிராம் உப்பு கரையும். அந்த நிறைவுற்ற கரைசலின் அடர்த்தி சுமார் 1.2. கடல்நீருக்கு 1.025. பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் 1-க்குக் கீழே. எந்த நீரிலும் மிதக்கும். பாலிஸ்டைரீன் 1.05, கடலில் அமிழும், நம் உப்புக் கரைசலில் மிதக்கும். (தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், காற்று அடைத்திருப்பதால் மிதக்கிறது. இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.) தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், குழாய் செய்யும் பி.வி.சி. இரண்டும் ஏறத்தாழ 1.4, இந்தக் கரைசலிலும் மூழ்கிவிடும். ஆகவே எது மேலே வரவில்லையோ அது மணலில் இல்லை என்று சொல்ல முடியாது. சோதனையின் எல்லையை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி அடர்த்தி அட்டவணையை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது நல்லது.

அலை ஏறி இறங்கிய கோட்டில் அரை மீட்டர் சதுரம் வரைந்து, மேலாக உள்ள மணலை எவர்சில்வர் கரண்டியால் எடுக்க வேண்டும். கையுறை அவசியம், கருகிய கட்டிகளைத் தொடவே வேண்டாம். கடல் இல்லாத ஊரில் ஏரிக்கரை மணலோ, சாலையோர வடிகால் மண்ணோ போதும். வெயிலில் காயவைத்து, மணலைப்போல் மூன்று பங்கு உப்புக் கரைசல் ஊற்றி நன்றாகக் கலக்கி, இருபது நிமிடம் அசையாமல் வைத்து, மேல்நீரை வடிதாளில் வடித்து, உருப்பெருக்கியில் பார்க்கலாம். கரைசலை முதலில் ஒருமுறை வடிகட்டிக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கடல் உப்பிலேயே நுண்பிளாஸ்டிக் இருப்பதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் காட்டியிருக்கிறார்கள்.

மேசையின் ஓரத்தில் ஈரமான வெற்று வடிதாள் ஒன்றையும் திறந்தே வைத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் அதிலும் இழைகள் வந்து விழுந்திருக்கும். எங்கள் வகுப்பில் விழுந்த இழைகளின் நிறம் சீருடையின் நிறமாக இருந்தது. பாலியெஸ்டர் கலந்த துணி அது. மணலிலிருந்து கிடைத்த இழைகளில் எத்தனையைக் கழிக்க வேண்டும் என்று பிள்ளைகள் தாமாகவே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். துணி துவைத்த நீரை வடித்துப் பார்க்கலாமா என்ற அடுத்த கேள்வியும் அங்கிருந்தே வந்தது.

கிடைக்கும் நர்டில் மணிகளை வீசிவிடாமல் நிறவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கடலில் நெடுநாள் கிடந்தவை வெயிலில் மஞ்சளாகும். நஞ்சு அதிகம் சேர்ந்திருக்க வாய்ப்புள்ளவையும் அவையே. தகாதாவின் குழு கேட்பதும் மஞ்சள் மணிகளைத்தான். வெள்ளை மணிகள் பத்தைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு வெயில்படும் சன்னலிலும், இன்னும் பத்தை அலமாரிக்குள்ளும் வைத்து, தேதி எழுதி ஒட்டி, பருவத்துக்கு ஒருமுறை நிறத்தை ஒப்பிட்டுக் குறித்து வரலாம். அந்தக் குறிப்பேடு ஆறாம் வகுப்பில் தொடங்கினால், பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போகும்வரை எழுத இடம் விட்டு வையுங்கள்.